மருந்துவாழ்மலை ஏறும் கால்களுக்கு அகத்தியர்கூடம் எட்டுமா?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் இருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் மருந்துவாழ்மலை ஏறி இறங்குகிறீர்கள், முக்கால் மணி நேரத்தில் உச்சிக்குப் போய்விடுகிறீர்கள். அடுத்ததாகப் பொதிகையின் உச்சியான அகத்தியர்கூடம் போக ஆசை. 1,868 மீட்டர்தானே, இமயமலைச் சிகரங்களோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லையே, அதில் அப்படி என்ன கஷ்டம் என்று கேட்கிறீர்கள். திருவனந்தபுரம் சுற்றிப் போகாமல் பேச்சிப்பாறை, கோதையாறு வழியாக நம் மாவட்டத்திலிருந்தே நேராக ஏற முடியாதா என்றும் கேட்கிறீர்கள். கூட வர விரும்பும் தங்கையை விடுவார்களா என்று கடைசியில் ஒரு வரி. இவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது ஒரே கேள்வி என்று நினைக்கிறேன்: வாரம் ஒரு மலை ஏறிப் பழகிய உடம்பு அந்த மலைக்குப் போதுமா?

நான் படித்தது தாவரவியல். அகத்தியமலைத் தொடரில் செடிகொடிகளைத் தேடி, வனத்துறை அனுமதியோடும் இந்த மலைப் பழங்குடிகளான காணிக்காரர்களின் துணையோடும், குமரி, நெல்லை, கேரளம் என்று மூன்று பக்கக் காடுகளிலும் வருடக்கணக்கில் நடந்திருக்கிறேன். மலையேற்றப் பயிற்சி கொடுப்பவனும் இல்லை, மருத்துவனும் இல்லை. அதனால் காட்டைப் பற்றியும் மழையைப் பற்றியும் உறுதியாகப் பேசுவேன். உடம்பைப் பற்றிச் சொல்வதெல்லாம் நடந்து தெரிந்துகொண்டதும், கூட நடந்தவர்கள் எங்கே திணறினார்கள் என்று பார்த்ததும்தான். இதயக் கோளாறு, ஆஸ்துமா, மூட்டு வலி இருந்தால் என் பேச்சை ஓரமாக வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

நேரடியாகப் பதில் சொல்வதென்றால், உங்கள் மூச்சு போதும். ஏறும் பலமும் அநேகமாகப் போதும். இறங்கும் பலம், ஈரத்தில் கால் வைக்கும் பழக்கம், நாள் முழுக்க நடந்து மறுநாளும் அதே போல் எழுந்து நடக்கும் தாக்குப்பிடிப்பு, இந்த மூன்றும் மருந்துவாழ்மலையில் கிடைக்காது. அவற்றைத் தனியாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

உயரத்தைப் பற்றிய பயத்தை முதலில் தீர்த்துவிடுவோம். மலை நோய் என்று சொல்வது, தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம், பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தொந்தரவு கொடுக்கும். 1,868 மீட்டரில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய எண்பது சதவீதம். ஏற்றத்தில் மூச்சு கொஞ்சம் கூடுதலாக வாங்கும், அவ்வளவுதான். கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்தவர்களும் இதைத் தாங்குவார்கள். ஆக்சிஜன் குறைவு இந்த மலையின் பிரச்சினையே இல்லை. இணையத்தில் இமயமலைக்கு எழுதிய அறிவுரைகளைப் படித்துவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பணத்துக்கு நல்ல ரப்பர் அடி உள்ள காலணி வாங்கலாம்.

இந்த மலையின் பிரச்சினை தண்ணீர். நம் பக்கத்து மலைகளுக்கு இரண்டு பருவமழையும் உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து நேராக வந்து மோதுகிறது. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கி டிசம்பர் வரை நனைக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் மத்தியானத்துக்கு மேல் இடிமழை. இதையெல்லாம் கழித்தால் ஓரளவு காய்ந்த காலம் என்று மிஞ்சுவது ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கம் வரைதான். கேரள வனத்துறை அந்த நாட்களில் இந்த மலையேற்றத்தின் முக்கிய பருவத்தை வைத்திருப்பதற்கு இதுதான் அடிப்படைக் காரணம். அந்தக் காய்ந்த காலத்திலும் உச்சிப் பகுதி முழுசாகக் காய்வதில்லை. இரண்டு பக்கக் காற்றும் சந்திக்கும் இடம் அது. காலையில் நீலமாக இருந்த வானம் பதினொரு மணிக்குள் வெள்ளையாக மூடிக்கொள்ளும், பத்தடி முன்னால் போகிறவரின் பை மட்டும் மங்கலாகத் தெரியும்.

குளிரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஆறு, ஆறரை டிகிரி குறையும் என்பது பொதுவான கணக்கு. நாகர்கோவிலில் விடிகாலை 22 டிகிரி இருக்கும்போது உச்சியில் பத்து, பன்னிரண்டு இருக்கலாம். அது மட்டுமென்றால் பரவாயில்லை. கூடவே காற்றும் உண்டு. ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் பைக்கைத் தள்ளும் காற்றை அனுபவித்திருப்பீர்கள், அதைப் பாறை உச்சியில், வேர்வையில் ஊறிய சட்டையோடு வாங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். நனைந்த பருத்திச் சட்டை, ஜீன்ஸ் இரண்டும் உடம்புச் சூட்டை வேகமாக இழுத்துவிடும். பல் தந்தியடித்து, பேச்சு குழறி, விரல் கயிற்றைப் பிடிக்க மறுக்கும் நிலைக்குக்கூடப் போய்விடலாம். சீக்கிரம் உலரும் பாலியெஸ்டர் சட்டை ஒன்று உடம்பில், இன்னொன்று பிளாஸ்டிக் உறையில் சுற்றிப் பைக்குள். மேலே போனதும் மாற்றிக்கொள்ள வேண்டும். இதைச் செய்கிறவர்கள் உச்சியில் சிரித்த முகமாக நிற்பார்கள்.

வழியைச் சொல்கிறேன். திருவனந்தபுரத்திலிருந்து விதுரா வழியாகப் போனக்காடு. ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தோட்டம் இருந்த ஊர். அங்குள்ள வனத்துறைச் சாவடியில் பைகளைச் சோதித்துவிட்டு, காணி வழிகாட்டிகளோடு குழுவாக அனுப்புவார்கள். முதல் நாள் அதிருமலை முகாம் வரை, ஏறத்தாழ பதினைந்து கிலோமீட்டர். முதல் பாதி மரநிழலில் போகும் சாதுவான பாதை, நடுவில் ஆறுகளைக் கடக்க வேண்டும். அப்புறம் புல்வெளி வரும். மத்தியான வெயிலில் அந்தப் புல்வெளிதான் பலரை வாட்டிவிடுகிறது, நிழலே கிடையாது. அது முடிந்ததும் ஏழுமடக்கன் தேரி, முட்டிடிச்சான் என்று பேர் வாங்கிய ஏற்றங்கள். முட்டிடிச்சானில் நிஜமாகவே கால் தூக்கி வைக்கும்போது முழங்கால் நெஞ்சைத் தொடும். இரண்டாம் நாள் முகாமிலிருந்து பொங்கலப்பாறை வழியாக உச்சிக்கு ஐந்தாறு கிலோமீட்டர், அன்றைக்கே முகாமுக்குத் திரும்ப வேண்டும். மூன்றாம் நாள் மறுபடி போனக்காடு வரை நடை. மொத்தமாக நாற்பது கிலோமீட்டரை ஒட்டி வரும். கிலோமீட்டர் கணக்கு எழுதுகிறவரைப் பொறுத்து கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், நான் சொல்வதை உத்தேசமாக எடுத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலப்பாறையில் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வரும் பக்தர்கள் பொங்கலிட்டு அகத்தியருக்குப் படைப்பார்கள். அதற்கு மேல் மரங்களின் உயரம் குறைந்துகொண்டே வரும், கடைசியில் ஆள் உயரத்துக்கும் கீழே முறுகிப்போய் நிற்கும். காற்றும் மண்ணின் ஆழமின்மையும் சேர்ந்து செய்யும் வேலை அது. இந்தப் பகுதியில் சில இடங்களில் சரிந்த வெறும் பாறைதான் பாதை. கயிறு கட்டியிருப்பார்கள்.

இந்தப் பாறையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடிபடுவது பெரும்பாலும் இங்கேதான். பாறையைக் கூர்ந்து பார்த்தால் இரண்டு நிறம் தெரியும். சாம்பலும் வெள்ளையுமாகச் சொரசொரவென்று வட்டம் வட்டமாக இருப்பது பாறைப்பாசி, லைக்கன். காய்ந்திருந்தால் காலணி அதில் நன்றாக ஒட்டும். மேலிருந்து கீழாகக் கறுப்புப் பட்டையாக இறங்கியிருப்பது வேறு. மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் வழிந்த தடத்தில் வளர்ந்த நீலப்பச்சைப் பாசி அது. காய்ந்து கிடக்கும்போது ஒன்றும் தெரியாது. ஒரு தூறல் விழுந்தால் போதும், எண்ணெய் தடவினாற்போல் ஆகிவிடும். அதனால் கறுப்புப் பட்டையை மிதிக்காமல் சொரசொரப்பான இடத்தைத் தேடி, பாதம் முழுவதும் படியும்படி வையுங்கள். நுனிக்காலில் ஏறுவது படிக்கட்டுப் பழக்கம், பாறையில் அது ஆகாது. பயம் வந்தால் உடம்பு தானாகப் பாறையோடு ஒட்டிக்கொள்ளப் பார்க்கும். அப்படிச் சாய்ந்தால் கால் வழுக்கும். கொஞ்சம் நிமிர்ந்து, எடை நேராகப் பாதத்தில் இறங்கும்படி நிற்க வேண்டும். கயிறு கைப்பிடிக்கு மட்டும். முழு எடையையும் அதில் தொங்கவிடாதீர்கள். பல பேர் பிடித்து, மழையில் ஊறி, வெயிலில் காய்ந்த கயிறு அது. ஒரே கயிற்றில் ஒரு நேரத்தில் ஒருவர்தான். மேலே போனவர் கையை விட்டுக் குரல் கொடுத்த பிறகு அடுத்தவர்.

இறங்குவதுதான் உங்களுக்கு உண்மையான பரீட்சை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறங்கும்போது அதே தசை நீண்டுகொண்டே எடையைத் தடுத்து நிறுத்த வேண்டியிருக்கிறது. அந்த வேலையில்தான் தசை அதிகம் நைந்துபோகிறது, வலி அப்போதே வராமல் மறுநாள், அதற்கடுத்த நாள் உச்சத்துக்கு வரும். இரண்டாம் நாள் சாயங்காலம் முகாமுக்கு வரும்போதே கால் நடுங்குகிறவர்கள் மூன்றாம் நாள் பதினைந்து கிலோமீட்டர் நடந்தாக வேண்டும். மருந்துவாழ்மலையில் உச்சிக்கு எத்தனை நிமிடம் என்று பார்க்கிறீர்கள், இறங்குவதை யாரும் கணக்கு வைப்பதில்லை. நான் பார்த்த வரையில் நம்மூர் இளைஞர்கள் குதித்துக் குதித்து ஓடி இறங்குவார்கள். அது முழங்காலுக்குக் கேடு. ஈரப்பாறையில் அந்தப் பழக்கத்தோடு போனால் ஆபத்து.

பயிற்சிக்கு நம் மாவட்டமே போதும். மருந்துவாழ்மலையை ஒரே காலையில் இரண்டு முறை ஏறி இறங்குங்கள். முதுகில் ஏழெட்டு கிலோ, தண்ணீர் பாட்டில்களாகவே வைத்துக்கொள்ளலாம். ஏறும்போது எப்போதும் போல, இறங்கும்போது வேண்டுமென்றே மெதுவாக, ஒவ்வொரு அடியிலும் முழங்காலை லேசாக மடக்கி. சனி ஒரு நாள், ஞாயிறு ஒரு நாள் என்று அடுத்தடுத்து செய்தால்தான் களைத்த காலோடு நடப்பது எப்படி என்று உடம்புக்குத் தெரியும். வாரத்தில் இன்னொரு நாள் சமதளத்தில் நீண்ட நடை. பேச்சிப்பாறைக் கால்வாய்க் கரையோ, பெரிய குளத்தங்கரையோ, பதினைந்து கிலோமீட்டர் நிற்காமல் போய் வாருங்கள். புதுக் காலணியை இந்த நடைகளில் பழக்கிவிட வேண்டும். காட்டில் கொப்புளம் வந்தால் மூன்று நாளும் அதோடுதான். இப்படி இரண்டு, இரண்டரை மாதம் செய்தால் உங்களைப் போல ஏற்கெனவே ஏறுகிறவருக்குப் போதும் என்பது என் கணிப்பு. கணிப்பு என்றுதான் சொல்கிறேன், வயதும் எடையும் பழைய காயங்களும் ஆளுக்கு ஆள் மாறும்.

சாப்பாட்டுக்குப் பெரிய ஏற்பாடு வேண்டாம். அவல், வறுத்த கடலை, கருப்பட்டித் துண்டு, ஏத்தன்பழம். பழத்தோலைக்கூடக் காட்டில் போடக்கூடாது, திரும்பக் கொண்டுவர வேண்டும். வேர்வை அதிகம் போகும் ஈரக்காடு அது. வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டிருந்தால் மத்தியானத்துக்குள் கெண்டைக்கால் இழுக்கும், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலங்கள் நாலைந்து வைத்துக்கொள்ளுங்கள். அட்டை கடித்தால் பயப்பட ஒன்றுமில்லை. மெல்லிய முனையின் அடியில் நகத்தைக் கொடுத்துத் தள்ளினால் விட்டுவிடும். இரத்தம் உறையாமல் இருக்க அது ஒரு பொருளை உள்ளே விடுவதால் கொஞ்ச நேரம் வழியும், அழுத்திப் பிடித்தால் நிற்கும். ஜனவரி, பிப்ரவரியில் அட்டை குறைவுதான்.

இனி கோதையாறு விஷயம். இதைத்தான் நீங்கள் ரொம்ப ஆவலோடு கேட்டிருக்கிறீர்கள் என்று தெரிகிறது, அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்: முடியாது, முயற்சி செய்யவும் கூடாது. அகத்தியர்கூடம் நம் மாவட்டத்தில் இல்லை. உச்சி கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டமும் நம் திருநெல்வேலி மாவட்டமும் சேரும் எல்லையில் இருக்கிறது. நம் பக்கத்திலிருந்து அங்கே போக வேண்டுமென்றால் கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம், களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், கேரளத்தின் நெய்யாறு சரணாலயம் என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும் பாதுகாக்கப்பட்ட காடுகளைத்தான் கடக்க வேண்டும். அனுமதியில்லாமல் நுழைவது வனச் சட்டப்படி, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பாபநாசம், காரையாறு, பாணதீர்த்தம், பூங்குளம் என்று தாமிரபரணி பிறக்கும் இடத்தை ஒட்டி ஏறும் பழைய தமிழ்நாட்டு வழியும் இப்போது பொதுமக்களுக்கு இல்லை. எங்கள் தாத்தா அந்த வழியாகப் போயிருக்கிறார், பாதை இருக்கிறது என்று பலர் சொல்வார்கள். தாத்தா போனது உண்மையாக இருக்கலாம். ஆனால் ஆள் நடக்காத பாதையை ஈற்றை, அந்த முள்ளில்லாத மெல்லிய மூங்கில், இரண்டு மூன்று மழைக்காலத்தில் விழுங்கிவிடும். 2017 நவம்பர் 30 அன்று அடித்த ஓக்கி புயலில் நம் மலையோரத்தில் விழுந்த மரங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். பழைய நினைவை வைத்துக்கொண்டு இன்றைய காட்டில் நடக்க முடியாது.

சட்டத்தை விடுங்கள், யானையைச் சொல்கிறேன். ஈற்றைக் காட்டுக்குள் யானை நின்றால் பத்தடி தூரத்தில்கூடத் தெரியாது. கேரளத்தில் அரிக்கொம்பன் என்று பேசப்பட்ட யானையை 2023 ஜூனில் தேனி மாவட்டத்தில் பிடித்து, மேல் கோதையாறு, முத்துக்குழிவயல் பக்கத்துக் காட்டில்தான் விட்டார்கள். அந்த ஒரு யானைக்குப் பேர் தெரியும் என்பதால் பேசுகிறோம், பேர் தெரியாத கூட்டங்கள் எப்போதும் அங்கே உண்டு. காணி வழிகாட்டி முன்னால் போகும்போது சட்டென்று நின்று கையைத் தூக்குவார். ஈற்றை முறிபடும் சத்தம், காற்றில் ஒரு நெடி, பாதையில் ஆவி பறக்கும் சாணம், இவற்றை வைத்து அவருக்குத் தெரிந்துவிடும். நமக்குத் தெரிவதற்குள் தாமதமாகிவிடும். ஆறும் அப்படித்தான். காளிகேசத்தில் குளிக்கப் போயிருப்பீர்கள். கீழே வெயில் அடிக்கும்போதே மேலே மலையில் மழை பெய்து காட்டாறு திடீரென்று ஏறும். தெளிந்த தண்ணீர் கலங்கி, சருகும் சுள்ளியும் நுரையும் மிதந்து வர ஆரம்பித்தால் சாமானைப் பொறுக்க நிற்காமல் உடனே கரையேற வேண்டும். அனுமதி பெற்ற குழுவாக இருந்தால் ஆற்றின் அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டவர்கள் யார் என்றாவது வெளியே தெரியும். திருட்டுத்தனமாகப் போனவர்களைத் தேட எங்கே ஆரம்பிப்பது என்றுகூட யாருக்கும் தெரியாது. கால் உடைந்த ஒருவரை அந்தக் காட்டிலிருந்து தூக்கிவர எட்டுப் பத்துப் பேர் தோள் மாற்றி மாற்றி ஒரு நாள் முழுக்க நடக்க வேண்டும். பெரும்பாலான இடங்களில் போனும் எடுக்காது. 2018 மார்ச் 11-ல் தேனி குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அதற்குப் பிறகுதான் தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிமுறைகள் வந்தன.

நம் மாவட்டத்திலேயே ஏற வேண்டும் என்றால் மகேந்திரகிரி இருக்கிறதே என்று அடுத்துக் கேட்பீர்கள். குமரிக்கும் நெல்லைக்கும் எல்லையில் சுமார் 1,650 மீட்டர், இலங்கைக்குத் தாவும்போது அனுமன் கால் ஊன்றிய மலை என்று சொல்லப்படுவது. அதன் அடிவாரத்தில் இஸ்ரோவின் உந்துவிசை வளாகம், மேலே காப்புக்காடு. பொதுமக்கள் உச்சிக்குப் போக அங்கே வழி இல்லை. ஆனால் தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் இணையப் பதிவோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் நம் மாவட்டத்துக் காளிகேசம், பாலமோர் பாதையும் உண்டு. வழிகாட்டியோடு, முறைப்படி, ஒரே நாளில் போய் வரலாம். அகத்தியர்கூடத்துக்கு முன்னால் ஈரக்காட்டுக்குள் நடப்பது எப்படி என்று பழக அதைவிட நல்ல இடம் நமக்கு இல்லை. காட்டுத்தீ பருவத்தில் நிறுத்திவைப்பார்கள், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று சலிப்பாக இருந்தால், அந்த மலையில் என்ன இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். உலகத்தில் வேறெங்கும் இயற்கையாக வளராத ஒரு மஞ்சள் ஆர்க்கிட், பாஃபியோபெடிலம் ட்ரூரி, இந்த மலைகளின் பாறைப் புல்வெளிகளில் மட்டும் இருக்கிறது. சேகரிப்பவர்கள் பிடுங்கிப் பிடுங்கியே அழிவின் விளிம்புக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பூத்து நிற்கும் ஒரு செடியைப் பார்த்தால் கைபட விடாமல் நகர்ந்து போங்கள், படம் எடுத்தால் இடத்தைக் குறிப்பிட்டுப் பதிவிடாதீர்கள். சரிவுகளில் வரையாடு உண்டு, மரங்களில் சோலைமந்தி உண்டு. 2001-ல் இந்த மலைத்தொடரை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தார்கள், 2016-ல் யுனெஸ்கோவின் உலக வலையமைப்பிலும் சேர்த்தார்கள். நம் குமரிக் காடுகளும் அந்தத் தொடரைச் சேர்ந்தவைதான்.

மலையேறுகிற உங்களுக்குப் பிடிக்கும் என்று இன்னொன்றையும் சொல்கிறேன். 1987-ல் தாவர ஆய்வுக்காக இந்த மலைக்குப் போன விஞ்ஞானிகள் நடந்து களைத்துப்போக, கூட வந்த காணி வழிகாட்டிகள் மட்டும் ஒரு சிறு செடியின் காயைத் தின்றுகொண்டே சளைக்காமல் ஏறினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. பின்னால் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்து தயாராகி, கிடைத்த வருமானத்தில் ஒரு பங்கு காணி மக்களுக்கு என்று ஒப்பந்தமும் ஆனது. பழங்குடியினரின் அறிவுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இதைப் பேசுகிறார்கள். இதுவரை உறுதி. அந்தக் காயைத் தின்றால் உங்களுக்கும் எனக்கும் அதே போல் களைப்பு போகுமா என்பதில் நான் உறுதி சொல்ல மாட்டேன். பரம்பரையாக அந்தச் சரிவில் நடக்கும் கால்களும் கணக்கில் உண்டு. காட்டில் பறிப்பதும் குற்றம்.

இதே உச்சிக்கு அருகே 1855-ல் திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் இயக்குநர் ஜான் ஆலன் ப்ரௌன், பூமியின் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஓர் ஆய்வுக்கூடம் கட்டினார். குமரி அப்போது திருவிதாங்கூரில் இருந்தது, இது நம் அரசின் வேலையாகத்தான் நடந்தது. கருவிகளையும் சாமான்களையும் தலைச்சுமையாகத் தூக்கி ஏறியவர்களின் பேர்கள் பெரும்பாலும் எங்கும் இல்லை. அந்தப் பாறையில் கயிற்றைப் பிடித்து நிற்கும்போது எனக்கு அவர்கள் நினைவுதான் வரும். கயிறும் காலணியும் இல்லாமல், தலையில் கண்ணாடிக் கருவிகளோடு, அதே ஈரத்தில் ஏறியவர்கள்.

தங்கை தாராளமாக வரலாம். பெண்களை முன்பு விடாமல்தான் இருந்தார்கள். 2018-ல் கேரள உயர் நீதிமன்றம் பாலின வேறுபாடு காட்டக்கூடாது என்று தீர்ப்பளித்தது, 2019 ஜனவரியில் தன்யா சனல் முதல் பெண்ணாக அந்தப் பருவத்தில் உச்சிக்குப் போனார். காணி மக்களில் ஒரு பகுதியினருக்கு அதில் மனவருத்தம் இருந்தது, அகத்தியரை அவர்கள் தங்கள் குலத்தெய்வமாக, பிரம்மச்சாரியாகக் கொண்டாடுகிறவர்கள். எதிர்ப்பைத் தெரிவித்தார்கள், ஆனால் யாரையும் தடுக்கவில்லை. இப்போது வருடாவருடம் பெண்கள் போகிறார்கள். உங்கள் தங்கைக்கு ஏறிப் பழக்கம் உண்டா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் மேலே சொன்ன பயிற்சியை உங்களோடு சேர்ந்து செய்யட்டும். அண்ணன் கூட இருக்கிறான் என்ற தைரியத்தில் மட்டும் கூட்டிப் போகாதீர்கள். குழுவில் மெதுவாக நடப்பவரின் வேகம்தான் குழுவின் வேகம். நீங்கள் முன்னால் ஓடி நின்று காத்திருந்தால் அவருக்கு ஓய்வு கிடைக்காது. அவர் வந்து சேரும் நேரம் பார்த்து நீங்கள் கிளம்பிவிடுவீர்கள். அவரை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நடங்கள்.

பாதியில் திரும்புவதைப் பற்றி இருவரும் வீட்டிலேயே பேசி முடித்துவிட வேண்டும். மேலே போனபின் பேசினால் ஆசைதான் ஜெயிக்கும். பொங்கலப்பாறைக்கு மேல் மழை பிடித்தால் திரும்புவது, இடி கேட்டால் உடனே திரும்புவது, இருவரில் ஒருவருக்கு நடுக்கமோ முழங்கால் குத்தலோ வந்தால் இருவருமே திரும்புவது. வழிகாட்டி போதும் என்று சொன்னால் அதற்கு மேல் விவாதம் வேண்டாம். அவருக்கு உங்களை மேலே கொண்டுபோவதில் லாபமும் இல்லை, திருப்பி அனுப்புவதில் நஷ்டமும் இல்லை, வானத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறார்.

அனுமதிச் சீட்டைப் பொறுத்தவரை கேரள வனத்துறையின் இணையதளத்தில் பதிவு நடக்கும். அறிவிப்பு பெரும்பாலும் டிசம்பர் கடைசி, ஜனவரி தொடக்கத்தில் வரும், நாளுக்கு இத்தனை பேர் என்று வரம்பு இருப்பதால் சீக்கிரமே தீர்ந்துவிடும். கட்டணமும் தேதிகளும் வருடாவருடம் மாறுகின்றன, அதனால் பழைய பதிவுகளில் பார்க்கும் தொகையை நம்பாமல் அந்த வருட அறிவிப்பையே பாருங்கள். அடையாள அட்டையோடு, சமீபத்தில் எடுத்த மருத்துவத் தகுதிச் சான்றும் கேட்பார்கள். அந்தச் சான்றுக்காக மருத்துவரைப் பார்க்கும் அன்று, படியிறங்கும்போது எப்போதாவது முழங்காலில் வலி வருமா என்பதையும் மறைக்காமல் சொல்லிக் கேட்டுவிடுங்கள். நாகர்கோவிலிலிருந்து காலையில் கிளம்பி அன்றைக்கே நடையைத் தொடங்கலாம் என்று திட்டம் போடாதீர்கள். முதல் நாள் இரவே விதுராப் பக்கம் போய்த் தங்கிவிட்டால், காலையில் சாவடி திறக்கும் நேரத்துக்குப் போனக்காட்டில் இருக்கலாம், புல்வெளியை வெயில் ஏறுவதற்கு முன் கடந்தும் விடலாம்.